நரைத்தாடிக்காரர் சொன்னது

4 மே, சனி
இன்றும் படகு இழுக்க, பலகையில் நின்றபடி அது கிளப்பும் அலைமேல் ஏறினேன், துள்ளித் தாண்ட வரவில்லை. ஜஸ்ரின் அண்ணை படகிலிருந்து சிரிக்கிறார்: "பலகையை விட்டிட்டு வலை இழுக்க வா, ஷெரோன்!" மாத முடிவில் தேர்வு. பண்ணைக் கடற்கரையில் தொடங்கப்போகிற நீர் விளையாட்டு நிலையத்தில் வேக்போர்ட் என்கிற இந்தப் பலகை விளையாட்டைப் பழக்க ஒரேயொரு பெண்ணைத்தான் எடுப்பார்களாம். என் பள்ளித் தோழி பிரியந்தினியும் நானும் சேர்ந்தே விண்ணப்பித்தோம்.

7 மே
பிரியந்தினி வீட்டில் பதினொரு வீடியோ பார்த்தோம். பாதி வெறும் பாட்டும் பகட்டும். ஒரு நரைத்தாடிக்காரருடையதைத் தேர்ந்தெடுத்தேன். மெதுவாக ஓடவிட்டு, தான் விழுவதையும் காட்டுகிறார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. அவள் சொன்னாள்: "அலை வரேக்கை முழங்காலை நல்லா மடக்கட்டாம். கயித்துக் கைபிடியை நெஞ்சுக்கு இழுக்கட்டாம்." எழுதி வைத்துக்கொண்டேன்.

15 மே
மடக்கினேன், இழுத்தேன். அலையிலேயே சுருண்டு, முகம் அடிபட விழுந்தேன். அவள் இரண்டு தரம் துள்ளி இறங்கிவிட்டாள். "நீ இன்னும் மடக்கோணும்" என்றாள்.

19 மே
தோள் வீங்கியிருக்கிறது. பிரியந்தினி வந்து எண்ணெய் தடவிவிட்டாள்.

31 மே
அவளை எடுத்துவிட்டார்கள். கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். மனதாரத்தான்.

9 ஜூன், ஞாயிறு
பூசை முடிந்து வந்து அதே வீடியோவைப் போட்டேன். அண்ணி அற்புதராணி கைபேசியை வாங்கி, கீழே தமிழ் எழுத்து ஓடும்படி செய்து தந்தார். "அலையில் முழங்காலை மடக்காதே. நிமிர்ந்து நில். கைபிடியை இடுப்பை விட்டு எடுக்காதே."
மூன்று தரம் ஓடவிட்டேன். மொழிபெயர்ப்புப் பிழையோ? இல்லை — அவருடைய கால் நேராகத்தான் இருந்தது. நான் ஏன் அவர் காலைப் பார்க்காமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

10 ஜூன்
போய்க் கேட்டேன். "பிழையா விளங்கினியோ, வேணுமெண்டே சொன்னியோ?"
நிலத்தைப் பார்த்தாள். "ஒராளைத்தானே எடுப்பினம், ஷெரோன். எனக்கு அந்த வேலை வேணும்."
அவ்வளவுதான். அவள் அழக்கூட இல்லை.
எட்டாம் வகுப்பிலையிருந்து ஒரே வாங்கிலை இருந்தனாங்கள். எப்பிடியடி மனம் வந்தது உனக்கு? என்ரை தோளிலை எண்ணெய் தடவேக்கை என்னத்தை நினைச்சனி?

24 ஜூன்
இப்போது சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் வீடியோ தேர்ந்தெடுக்கிறேன். பக்கவாட்டில் எடுத்ததா, கால் தெரிகிறதா, விழுவதைக் காட்டுகிறார்களா. இன்று எட்டில் ஒன்றுதான் தேறியது.

14 ஜூலை, ஞாயிறு
துள்ளினேன். மறுபக்கம் நின்றபடியே இறங்கினேன்! அண்ணை எஞ்சினைக் குறைத்து விசிலடித்தார். கரையில் தன் மாணவிகளோடு நின்ற பிரியந்தினியும் பார்த்தாள்.
மாலையில் அழைத்தாள். "துள்ளேக்கை அரைச் சுற்றுச் சுத்துறதுக்கு நல்ல வீடியோ ஒண்டும் அகப்படேல்லை. நீ எதைப் பாக்கிறனி? எனக்கும் அனுப்பன்."
"ஓம்" என்றேன்.

20 ஜூலை
அனுப்பவில்லை.