நாற்பத்தொரு இருமல்

பிப்ரவரி 6
எட்டாம் வகுப்பு அறிவியல், ஏழாவது பாடம். பார்வையற்ற பிள்ளைகளுக்காக இருபது வருடமாகப் பாடப்புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிறேன்; ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடிப்பவள் என்று பெயர். இன்று ஒரு வரி மூன்று தடவை வாங்கியது: "இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம்." ஒவ்வொரு தடவையும் "நீடித்தால்" வந்ததும் எனக்கு இருமல். ஒலிப்பதிவுத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான். எல்லாம் இந்த ஏசி செய்கிற வேலை.

பிப்ரவரி 7
வெந்நீர். மிளகு. தேன். சரியாகிவிடும்.

பிப்ரவரி 15
தம்பி என் காதில் ஹெட்போனை மாட்டினான். என் வாசிப்பிலிருந்து வெட்டி எடுத்த இருமல்களைத் தேதி போட்டு வரிசையாகச் சேர்த்திருக்கிறான். முதலில் பாடத்துக்கு ஒன்றிரண்டு. கடைசிப் பாடத்தில் நாற்பத்தொன்று. "கேலி பண்ணத்தான்க்கா சேத்து வெச்சேன். கேக்கக் கேக்க சிரிப்பு வரல," என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு தேதியைப் பார்த்தேன். முதல் இருமல் டிசம்பர் 28. ஏழு வாரம்! அந்த வரியை மூன்று தடவை வாசித்தவள் நான்.

பிப்ரவரி 19
காசநோய். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் அப்புறம் மருந்தே கேட்காமல் போகலாம் என்றார் டாக்டர். என் கணவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆறு மாதம்தானே என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

மூடிய அறையில் உங்களோடு மணிக்கணக்கில் இருப்பது யார் என்று நர்ஸ் கேட்டாள். வீட்டுக்காரர் மட்டும்தான் என்றேன்.

பொய். பதிவறைக்கு ஜன்னலே கிடையாது. தம்பி எனக்கு எதிரில். அவனுடைய மூன்று வயது மகள் வாலு, பாலர் பள்ளி விட்டதும் என் மடியில், சத்தமே போடாமல். சொன்னால் என் வேலை என்ன ஆகும்?

பிப்ரவரி 20
அந்தப் புள்ள என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குமே — எனக்கு வேலைதான் பெருசாப் போச்சா?

பிப்ரவரி 21
நர்ஸிடம் இருவரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். தம்பிக்கும் போன் செய்தேன். "பாப்பா உங்க மடியிலதானே இருந்தா," என்றான். வைத்துவிட்டான்.

பிப்ரவரி 24
சிறுநீர் ஆரஞ்சு நிறம். மாத்திரையால் அப்படித்தான் போகும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். இல்லாவிட்டால் என் கணவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்.

மார்ச் 3
தம்பியிடமிருந்து செய்தி. அவனுக்கு ஒன்றுமில்லை. வாலுவுக்கும் நோய் இல்லை. சின்னக் குழந்தை என்பதால் வராமல் தடுக்க மூன்று மாதம் மாத்திரை. எங்கேயும் 'அக்கா' இல்லை. அழுதேன்.

ஏப்ரல் 30
இருமல் போன இடம் தெரியவில்லை. மூன்று கிலோ ஏறியிருக்கிறேன். இனி மாத்திரை எதற்கு என்கிறார் என் கணவர். எந்தப் பாடத்தையாவது பாதியில் விட்டிருக்கிறேனா நான்?

ஜூன் 9
வாலுவுக்கு மாத்திரை முடிந்துவிட்டதாம். தம்பியின் மனைவியே கூப்பிட்டாள். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது என்றாள். இரண்டும் நியாயம்தான்.

ஆகஸ்ட் 24
மாத்திரை முடிந்தது, சளியில் கிருமி இல்லை. பதிவறையில் புதிதாக ஒரு ஜன்னல். பாடத்துக்குப் பாடம் தம்பி எழுந்து போய் அதைத் திறந்து வைக்கிறான். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழாவது பாடத்தின் பழைய பதிவில் குரல் கரகரவென்று இருந்ததால் மறுபடி வாசித்தேன். "நீடித்தால்" வந்தது, போனது. முழுப் பக்கமும் ஒரே மூச்சு. அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"வெட்ட ஒண்ணுமே இல்லக்கா," என்றான்.