மினி டிராக்டரும் ஒரு கன்னட வார்த்தையும்

மத்திகிரி,
செவ்வாய்க்கிழமை

வினோதா அப்பாவுக்கு முனிலட்சுமி வணக்கத்தோடு எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் ரோஜாத் தோட்டத்துக்குப் புது மினி டிராக்டர் வாங்கியிருக்கிறார்கள். ஓட்ட ஆள் வேண்டும் என்றதும் நான்தான் கை தூக்கினேன். பழக்கிவிட வந்த மெக்கானிக் கன்னடக்காரர். பாத்தி முனையில் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினேன். திரும்பியதும் கையைத் தளர்த்தினால் சக்கரம் தானே நேராகுமாம். அதற்குத்தான் அவர், "பிடம்மா, பிடு, பிடு!" என்று கத்தினார். எனக்கு அது ‘பிடி’ என்று கேட்டது. உயிரே போனாலும் விடக்கூடாது என்று இறுக்கிப் பிடித்தேன். வண்டி சுற்றிக்கொண்டே போய் வேலியைச் சாய்த்து நின்றது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

"கன்னடத்துல பிடுன்னா விடுன்னு அர்த்தம்க்கா" என்று கூட வேலை செய்யும் பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது நன்றாகவே ஓட்டுகிறேன்.

வெயில் அதிகம். சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வண்டியை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் கிளம்பிய அன்று ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்திருந்தீர்களே, அந்தக் கர்நாடகா பஸ் கண்டக்டரும் "பிடு" என்றுதான் சொன்னார். நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டு விட்டுவிட்டீர்கள்.

முனிலட்சுமி