மேஜரைச் சோழபுரத்துக்கு அனுப்புகிறேன்

என் வீட்டுக்காரரைப் பெற்றவரும், என்னோடு வாய்ச்சண்டை போட்டுக் கடைசிவரை சலிக்காதவருமான மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இந்த ஒரு வருஷத்தில் உங்களை நினைத்து அழுதிருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன். இப்போதுதான் முதல் தடவையாக உங்கள் மேல் கோபம் வருகிறது. எதிரில் இல்லாதவரோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மேஜரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்த மனுஷன் நீங்கள், ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்கி அதற்கு மேஜர் என்று பேர் வைத்தீர்கள். "இம்புட்டு வருசம் மேஜர் சொன்னத நான் கேட்டாச்சு. இனி ஒரு மேஜராவது நான் சொல்லுதத கேக்கட்டும்" என்றீர்கள். அது கேட்கவும் செய்தது. நாங்கள் சொன்னால்தான் கேட்காது.

மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் நம் மாந்தோப்புக்குள் எலி, பெருச்சாளி எது நுழைந்தாலும் அது பிடித்துவிடும். பிடித்ததை நேரே கொண்டுவந்து உங்கள் கயிற்றுக் கட்டிலின் காலடியில் போடும். நீங்கள் கழுத்தைத் தட்டி "சபாஷ் மேஜர்" என்பீர்கள். அந்த ஒரு வார்த்தை வரும்வரை சோற்றுத் தட்டுப் பக்கம் திரும்பாது. நீங்கள் போன பிறகும் அந்தக் கட்டிலை விட்டு அது நகரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்தோம். கயிற்றை அறுத்துக்கொண்டு தோப்புக்கே ஓடிவிட்டது.

இனி உங்கள் மகன் செய்ததைச் சொல்கிறேன். நானும் கூட நின்றதுதான்.

முதல் வருஷத் திவசத்துக்கு, வேலை பார்க்கும் ஊரிலிருந்து லீவு போட்டு வந்தார். படையலைத் தோப்பில்தான் வைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. வந்து பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன இது, காடு மாதிரி கெடக்கு. அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டா மூஞ்சி தெரியும். அவிய தோப்பு இப்படியா இருக்கணும்?" என்றார். ஆள் கூட்டிவந்து எல்லா மரத்தையும் கிளை வெட்டிக் கவாத்து பண்ணினார். வடக்கு வரிசையையும் சேர்த்துத்தான்.

வடக்கு வரிசை. நீங்கள் இருந்தவரை அந்தப் பக்கம் அரிவாளோடு ஒருவரும் போக முடியாது. மலையடிவாரத்துக் காட்டு மரங்களில் ஆரம்பித்து ஓடைக்கரைப் புளியமரம் வரைக்கும், அந்த மாமரங்கள் ஒன்றோடொன்று கிளை பின்னிக் கிடக்கும். வருஷா வருஷம் பூ வந்ததும் தோப்பைக் குத்தகைக்கு விடுவீர்கள். ஆனால் அந்த வரிசையை மட்டும் குத்தகையில் சேர்க்க மாட்டீர்கள். அதன் காயை நீங்களும் பறித்ததில்லை. "மாமா அங்கதான் புதையல் வச்சிருக்காக" என்று நான் கேலி பண்ணினால் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் செய்தீர்கள், மாமா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னீர்களா?

கவாத்து முடிந்ததும் தோப்புக்குள் வெயில் பளிச்சென்று விழுந்தது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உங்கள் மகன் படையல் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். ஊரே கண் கலங்கியது. அப்புறம் லீவு முடிந்து ரயில் ஏறினார்.

அவர் போன அடுத்த வாரம், காலையில் மோட்டார் போடத் தோப்புக்குப் போனேன். மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, என் சேலையை இழுத்துக் கட்டிலுக்குக் கூட்டிப்போனது. காலடியில் ஏதோ கிடந்தது. பூனை என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் நரை அணில், நம் மலைக்காட்டுப் பெரிய அணில். சாம்பல் பூத்த உடம்பு, என் முழங்கை நீளத்துக்கு வால், மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. பால் கொடுத்த மார்க்காம்புகூடத் தெரிந்தது. அது பக்கத்தில் மேஜர் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தது. சபாஷுக்காகத்தான்.

நான் அடித்துவிட்டேன், மாமா. கையில் இருந்த சாவிக்கொத்தாலேயே அடித்தேன். அது ஓடவில்லை, முறைக்கவில்லை. என்ன தப்பு பண்ணினோம் என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வனத்துறைக்குச் சொன்னேன். வந்த காவலர் தம்பிக்கு என்னைவிட வயசு கம்மி. அணிலை எடுத்து ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு, "யாரு நாய் அக்கா?" என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். மரத்துக்கு மரம் நடுவில் வானம் தெரிந்தது. இந்த அணில் தரையில் நடக்கிற ஜாதி இல்லை. கிளை விட்டுக் கிளை தாவியே வாழ்நாளைக் கழித்துவிடும். பிறந்த நாள் முதல் அது போய்வந்த பாதையை நாம் வெட்டிப் போட்டிருக்கிறோம். ஓடைப் புளியமரத்தில் அதன் இலைக்கூடு. இரை எல்லாம் காட்டுப் பக்கம். நடுவில் வேறு வழியில்லாமல்தான் கீழே இறங்கியிருக்கிறது.

அடுத்த பூவுக்கு இப்போதே குத்தகை பேச வத்திராயிருப்பிலிருந்து உங்கள் பழைய குத்தகைக்காரர் வந்திருந்தார். அவரிடம் சொன்னேன். "இதுக்குத்தானா? நானும் இம்புட்டு வருசமா, பட்டாளத்துக்காரருக்குக் கஞ்சத்தனம், நாலு மரத்துக் காய விட மனசில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்றார்.

உங்கள் மகனிடம் போனில் சொன்னபோது முழுவதையும் கேட்டார். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அப்பா?" என்று அழுதார். அவர் அழுது நான் கேட்டதில்லை. உங்களைக் கௌரவிக்கத்தானே அவ்வளவும் செய்தார். ஏன் சொல்லவில்லை மாமா? சொன்னால் சிரிப்போம் என்று நினைத்தீர்களா? ஆளுக்கு ஆள் தெரிந்து வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும் என்று பயந்தீர்களா? இல்லை, நீங்கள் எப்போதும் இருப்பீர்கள் என்ற நினைப்பா?

செத்தது தாய். புளியமரத்தில் அதன் குட்டி ஒன்று இருக்கிறது. பால்குடி மறந்த குட்டிதான், தானே கொறிக்கிறது. காட்டுக்குப் போகிற பக்கத்துக் கிளை நுனி வரை வரும். வெட்டுப்பட்ட இடத்தைப் பார்க்கும். எம்பும், பிறகு பயந்து திரும்பிவிடும். புளியில் இப்போது பூவும் கொழுந்தும் மட்டும்தான். அதை வைத்து எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? பிடித்துக்கொண்டுபோய் காட்டில் விடமுடியாதா என்று கேட்டேன். "பயத்துலயே செத்துப் போவும்க்கா. தானா போனாத்தான் நல்லது" என்றார் காவலர் தம்பி.

வேறு பக்கமும் அதற்குப் போக்கிடம் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்து மாமரங்களை எடுத்துவிட்டுத் தென்னை வைத்திருக்கிறார்கள். தென்னை ஒன்றோடொன்று கிளை கோக்குமா? தெற்கே, நீங்கள் கள்ளிப்பழம் பறித்துத் தருவீர்களே, அந்த வேலி இருந்த இடத்தில் மதில் ஏறிவிட்டது. உள்ளே வீட்டுமனை பிரித்து நட்ட கல். நரை அணில் சரணாலயம் என்று ரோட்டோரம் பலகையில் அணில் படம் பெரிசாக இருக்கிறது. அந்தப் படத்தைத் தாண்டித்தான் புளியமரம் ஏற்றின லாரி ராஜபாளையம் போகிறது. நாம் மட்டும் யோக்கியமா என்று, அதைப் பார்த்தும் வாயை மூடிக்கொள்கிறேன்.

குத்தகைக்காரர் தன் ஆட்களைக் கூட்டிவந்து, காசு வாங்காமல், மரத்துக்கு மரம் தென்னங்கயிறு கட்டிக் கொடுத்தார். குட்டி நேற்று அந்தக் கயிற்றில் கால் வைத்தது. பாதி தூரம் வந்தது. கீழே மேஜர் எழுந்து நின்று ஒரு குரைப்புதான் குரைத்தது. குட்டி திரும்பிப் புளியமரத்துக்கே ஓடிவிட்டது. மேஜரைக் கட்டிப்போட்டாலும் குரைக்கிறது. அதட்டினால் இன்னும் குரைக்கிறது. உங்கள் தோப்பை அது காவல் காக்கிறது, மாமா. யாரிடமிருந்து என்று அதற்கு எப்படிச் சொல்வேன்?

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். நாளைக் காலையில் மேஜரைச் சோழபுரத்தில் என் தம்பி வீட்டுக்கு அனுப்புகிறேன். அங்கே பருத்திக்காடும் சோளக்காடும்தான். மரமேறும் ஜீவன் எதுவும் அதன் வாயில் அகப்படாது. கட்டிலையும் கூடவே வண்டியில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். "நாய்க்குக் கட்டிலாக்கா?" என்று தம்பி சிரித்தான். ஆனாலும் பயமாக இருக்கிறது. வயசான நாய். இடம் மாறினால் சோறு தின்னுமா? குட்டியைக் காப்பாற்றப் போய், நீங்கள் விட்டுப்போன உயிரை நான் பறிகொடுத்துவிடுவேனோ?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். வடக்கு வரிசையில் இனி அரிவாள் படாது. காரணத்தை ஊருக்கெல்லாம் சத்தம் போட்டுச் சொல்வேன், உங்களை மாதிரி சிரித்து மழுப்ப மாட்டேன். அந்தக் கிளைகள் திரும்பவும் ஒன்றையொன்று தொடுகிற அன்றைக்கு, நானே போய் மேஜரைத் தோப்புக்குக் கூட்டிவருவேன்.

அதற்குள் அது உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டால் திட்டாதீர்கள். நீங்கள் பழக்கினதைத்தான் அது செய்தது. என்னிடமிருந்து கிடைக்காத அந்த ஒரு சபாஷை மட்டும் சொல்லிவிடுங்கள்.

சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கும்,
உங்கள் மூத்த மருமகள்
ராஜேஸ்வரி