கோவை – வாகைக்குளம்: 55 நிமிடம்

திருப்பூர்
14-6-2025, சனி, காலை 11.20

மதிப்புக்குரிய லிங்கசாமி அவர்களுக்கு,

கோவை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் 278 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 55 நிமிடம். இங்கே வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம், செக்-இன் ஒரு மணி நேரம், அங்கே இறங்கி உங்கள் வீடு அரை மணி. மொத்தம் 3 மணி 25 நிமிடம்.

உங்கள் மகள் வேல்விழியைக் கட்டிக்கொள்ளப் போனில் கேட்டபோது நீங்கள் என் சம்பளத்தைக் கேட்கவில்லை. "நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. ஒண்ணுன்னா எம்மக வந்து சேர எம்புட்டு நேரமாகும்? எழுதி அனுப்பும்" என்றீர்கள். எழுதிவிட்டேன். பதில் சொல்லுங்க.

செந்தில்வேல்
குவாலிட்டி இன்ஜினியர்

*

தூத்துக்குடி
19-6-2025

தம்பி செந்தில்வேலுக்கு,

உம்ம கடிதத்தை எடுத்துக்கொண்டு வண்டியில் வாகைக்குளம் போனேன். டிக்கெட் கவுண்டர் பிள்ளை படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டது. "அண்ணாச்சி, கோயமுத்தூருக்கு இங்கருந்து பிளேனே கிடையாதே. சென்னை போயி மாறணும்" என்றது. கணக்கெல்லாம் சரி, பிளேன் மட்டும் இல்லை.

வேல்விழியைப் பெற்ற அம்மை கிணற்றடியில் விழுந்த அன்றைக்கு, பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று உப்பளத்திலிருந்து சொன்னேன். ஒன்றேகால் மணி நேரமாயிற்று. அந்தப் பத்து நிமிடத்தை நம்பி அவளை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகவில்லை. நான் வந்தபோது உயிர் இல்லை. அதனால்தான் தம்பி கேட்டேன்.

லிங்கசாமி

*

திருப்பூர்
23-6-2025, திங்கள், மாலை 6.10

மதிப்புக்குரிய அவர்களுக்கு,

தப்பு என்னுடையது. வரைபடத்தில் கோடு இழுத்து, வேகத்தால் வகுத்தேன். இங்கே மிஷினிலிருந்து சூடாக இறங்கும் பனியன் துணியை உடனே அளக்கக் கூடாது. ஒரு நாள் போட்டு வைத்தால் அது சுருங்கும், அப்புறம்தான் உண்மை அளவு. சூட்டோடு அளக்கிறவர்களைத் தினமும் திட்டுகிறவன் நான்.

சனிக்கிழமை நானே கிளம்பினேன். எங்கள் ஊட்டு வாசலில் காலை 6.00. சென்னையில் மாறி, உங்கள் கேட்டைத் தொட்டது மதியம் 3.05. ஒன்பது மணி ஐந்து நிமிடம். கூப்பிடாமல் உள்ளே வருவது முறையில்லை என்று லாட்ஜுக்குப் போய்விட்டேன். ஞாயிறு பஸ்ஸில் திரும்பினேன்: எட்டு மணி இருபது நிமிடம். பிளேனைவிட பஸ் மேல்.

இதற்குக் கீழே குறைக்க எனக்குத் தெரியவில்லைங்க. முதல் எட்டு மணி நேரம் நானும் வேல்விழியும் உங்களுக்கு உதவிக்கு ஆக மாட்டோம். பொய் சொல்லிப் பெண் எடுக்க எனக்கு இஷ்டமில்லை.

செந்தில்வேல்

*

தூத்துக்குடி
27-6-2025

மருமகனுக்கு,

வாசல் வரை வந்து சாப்பிடாமல் போனவரை என்ன சொல்ல? அன்றைக்கு நெத்திலிக் குழம்பு.

எட்டு மணி என்று தெரிந்ததும் எனக்குப் பயம் விட்டுப்போனது. இனி உங்களுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை பாரும். அடுத்த வீட்டு கருப்புசாமியிடம் ஒரு சாவி கொடுத்துவிட்டேன், அவன் மகன் ஆட்டோ வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரி பதினொரு நிமிடம். நேற்று ஓட்டிப் பார்த்தோம்.

ஆடி பிறக்குமுன் வீட்டாரோடு வாரும். வேல்விழியிடம் நானே சொல்லுதேன்.

லிங்கசாமி

*

திருப்பூர்
1-7-2025, செவ்வாய், மதியம் 1.40

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் பத்து நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. இனி செய்யப்போவது:

1. ஞாயிறு காலை 5.30 பஸ்ஸில் அம்மா, அப்பாவோடு ஏறுவேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆகும்.
2. கருப்புசாமி அண்ணனைப் பார்த்து என் நம்பரைக் கொடுப்பேன்.
3. உங்கள் மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொள்வேன்.
4. அதற்குப் பிறகு உட்கார்ந்து பெண் கேட்பேன்.

செந்தில்வேல்