பொன்னுத்துரைக்குப் பதினான்கு, தீபனுக்குப் பன்னிரண்டு

என் ஆசை மச்சான் தீபனுக்கு,

நீ போய் ஏழு மாதம். இவ்வளவு நாளும் உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்ததற்கு வேலை, பிள்ளைகள், வாணியின் பேப்பர் அலுவல்கள் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். உனக்குத்தான் என்னைத் தெரியுமே, ஒன்றையும் நம்பமாட்டாய். பயத்தில்தான் எழுதவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உன் வாணி, என் தங்கை, திரும்பவும் வேலைக்குப் போகிறாள். சாப்பிடுகிறாளா என்று கேட்காதே, நான் கேட்டால் எனக்கே பேச்சு விழுகிறது. உன் மகள் பள்ளிக்கூடத்தில் ஹாண்ட்பால் ஆடத் தொடங்கிவிட்டாள். பந்து வைத்திருக்கிறவளைக் கட்டிப்பிடித்து விழுத்தியதற்காக முதல் நாளே வெளியே இருத்தினார்களாம். யாருடைய இரத்தம் என்று வாணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வின்டர்தூர் மைதானத்தில் புல் மாற்றிவிட்டார்கள். நீ விழுந்து விழுந்து மொட்டையாக்கிய இடமெல்லாம் இப்போது பச்சை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும். அந்தக் கோப்பையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2009 முடியும்போது நீ இந்த சுவிஸ் நாட்டுக்கு வந்தாய். அலுவலகத்தில் உன் கடவுச்சீட்டைப் பார்த்து, முன்னால் இருந்த உன் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு நடந்ததுதான். முதல் தடவை "ஹெர் பொன்னுத்துரை" என்று கூப்பிட்டபோது நீ எழும்பவே இல்லை. "அப்பா இஞ்சை எங்கை வந்தவர் எண்டு பாத்தன் மச்சான்" என்று பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். ஊரில் உன் அப்பாவுக்கு அது பெரிய புளுகம், பெருமை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், அங்கே உன்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று அவர் கேட்பதும், உங்கள் பெயரைச் சொல்லித்தான் என்று நீ சொல்வதும் வாராவாரம் நடக்கும். தெரிந்துகொண்டேதான் கேட்பார்.

உன்னை ரக்பி லீக்குக்கு இழுத்து வந்தவன் நான். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், முட்டை வடிவப் பந்து, பிடித்து விழுத்துகிற ஆட்டம். சுவிஸ்காரருக்கே அப்படியொன்று இருப்பது தெரியாது. முழங்கால் போய் நான் வெளியே வந்துவிட்டேன், நீ உள்ளே போனாய். ஓடி வருகிறவனை இடுப்பில் பிடித்து நிலத்தில் கிடத்துவாய், எழும்புவாய், அடுத்தவனைக் கிடத்துவாய். எங்கே பழகினாய் என்று பயிற்றுநர் கேட்டதற்குக் ஊரில் கிளித்தட்டு விளையாட்டில் மறித்த பழக்கம் என்றாய். அதை ஜெர்மன் மொழியில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு.

என் வேலை வேறு. அச்சகத்தில் இருக்கிறவன் என்பதால் லீக்கின் சுவரொட்டி, இணையப் பக்கம் எல்லாம் என் தலையில். சனம் பார்க்க வரவேண்டுமென்றால் ஒரு நட்சத்திரம் வேண்டும். ஆராவ் அணியில் மார்கோ இருந்தான். ஓரத்தால் ஓடினால் யாரும் பிடிக்கமுடியாது, சிரித்தால் பல் தெரியும், சட்டையில் மண் ஒட்டாது. மூன்று வருடம் அவன் முகத்தை எல்லா ரயில் நிலையத்திலும் ஒட்டினேன். உன் படம் ஒன்றுகூட ஒட்டவில்லை. ஒருநாள் நீ சும்மா பகிடிக்குக் கேட்டாய், என்னை எப்ப ஒட்டப்போறாய் என்று. கீழே கிடக்கிறவனை எப்படியடா படம் எடுக்கிறது என்று நானும் பகிடியாகவே சொன்னேன்.

உண்மை அதுவல்ல. அதற்கு முந்திய மாதம் நம் தமிழ்க்கடையில் மீன் வாங்க நின்றபோது, பின்னால் நின்ற ஒருவர் உன்னைப் பற்றி மற்றவருக்குச் சொன்னது காதில் விழுந்தது. "மச்சான் உள்ளுக்கை இருக்கேக்கை அவருக்கென்ன குறை?" அவ்வளவுதான். மீனை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து உனக்கு நல்லது செய்வதென்றாலே எனக்கு நடுக்கம்.

ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரை எப்படித் தெரிவு செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆட்டம் முடியவும் இரண்டு பயிற்றுநரும் நடுவரும் ஆளுக்கொரு சீட்டில் மூன்று பெயர் எழுதி, மூன்று, இரண்டு, ஒன்று என்று புள்ளி போட்டு உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள். பருவம் முடியத்தான் உடைப்பது. அந்த வருடம் உடைத்து எண்ணியவர் புதிதாக வந்த செயலாளர் உர்ஸ். நல்ல மனிதர், ஆனால் எங்கள் ஆட்களை முகம் பார்த்து அறியாதவர். எண்ணிய பட்டியலை, சான்றிதழ் அடிப்பதற்காக எனக்கு அனுப்பினார்.

மார்கோ இருபத்தொன்று. பொன்னுத்துரை பதினான்கு. தீபன் பன்னிரண்டு.

பார்த்தவுடனே விளங்கிவிட்டது மச்சான். மைதானத்தில் எல்லோரும் தீபன், தீபன் என்று கத்துவதைக் கேட்ட பயிற்றுநர்கள் தீபன் என்று எழுதியிருக்கிறார்கள். நடுவர்கள் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பொன்னுத்துரை என்று எழுதியிருக்கிறார்கள். வின்டர்தூரில் இரண்டு தமிழர் ஆடுகிறார்கள் என்று உர்ஸ் நினைத்துவிட்டார். இரண்டையும் கூட்டினால் இருபத்தாறு. கோப்பை உன்னுடையது.

அரை மணித்தியாலத்தில் உர்ஸ் தொலைபேசி எடுத்தார். பெயர்கள் எல்லாம் ஷ்டிம்ட்டா என்று கேட்டார், சரியா என்று. மேசையில் பட்டியல் கிடந்தது. இயந்திரத்தில் மார்கோவின் முகம் இரண்டு மீட்டர் உயரத்துக்கு அடித்து முடிந்திருந்தது, முடிவு வர முன்னமே நானாக அடித்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்று அடிக்க எனக்கு அரை நாள் போதும். அதனால் அந்தப் பதாகையைச் சாட்டாகச் சொல்லமாட்டேன். எனக்கு அப்போது கேட்டது அந்த மீன்கடைக் குரல்தான். மச்சான் எண்ணி மச்சானுக்குக் கொடுத்தான் என்று சனம் கதைக்குமே என்றுதான் யோசித்தேன்.

"ஷ்டிம்ட்" என்றேன்.

நேர்மையாக இருக்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தேன், பார். சொந்தக்காரனுக்குச் சாய்வதுதான் கள்ளம் என்று நினைத்தவனுக்கு, சொந்தக்காரன் என்பதற்காகவே அவனுடையதைப் பறிப்பதும் கள்ளம் என்று தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் பொய். தோன்றியது, தள்ளிவிட்டேன்.

பரிசளிப்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மார்கோ மேடையேறினான், எல்லோரும் எழும்பிக் கை தட்டினோம். நீ எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாய். சாப்பாட்டுக்குப் பிறகு வாசல் சுவரில் உர்ஸ் பட்டியலை ஒட்டினார். வாணியின் ஜாக்கெட்டைக் கையில் வைத்தபடி நீ அதன் முன்னால் நின்றாய். நெடுநேரம் நின்றாய்.

வாணியும் பிள்ளையும் வர முன்னம் காருக்குள் நீ கேட்டாய்.

"குகன், அந்த லிஸ்டை நீ முதலே பாத்தனியோ?"

"இல்லை மச்சான். உர்ஸ் தான் எல்லாம் செய்தது."

"ஓம், ஓம்" என்றாய். பிறகு பிள்ளைக்குப் பசிக்கும், போவம் என்றாய். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தக் கதையை நீ எடுக்கவில்லை. என்னை நம்பினாயா? நம்பாமல்தான் விட்டாயா? எத்தனை ஞாயிறு நம் வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டோம். நீ ஒரு தடவை சண்டை பிடித்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை, உன்னில் பழி போடக்கூடாது.

அடுத்த வருடம் உன் அப்பா போய்விட்டார். கோப்பையின் அடியில் குடும்பப் பெயர்தான் வெட்டுவார்கள் என்று நீ அவருக்குச் சொல்லி வைத்திருந்ததும், அவர் அந்தக் கோப்பையின் படத்துக்குக் காத்திருந்ததும் எனக்குத் தெரியாது. உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு வாணிதான் சொன்னாள். உன் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஜெர்சி கையில் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஞாயிறு நீ வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"'அப்பாவுக்குப் பதினாலு, எனக்குப் பன்ரெண்டு. ஒருநாளும் பந்தைத் தொடாத மனுசன் என்னை வெண்டிட்டார்' எண்டவர், அண்ணா. நான் உங்களிட்டைச் சொல்லிக் கேப்பம் எண்டன். 'வேண்டாம், குகனுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்கமாட்டான்' எண்டிட்டார்."

ஜெர்சியை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டினேன். அழுதேன் மச்சான். உன் சாவீட்டில்கூட அப்படி அழவில்லை.

போன கிழமை உர்ஸிடம் போனேன். அந்த இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று சொன்னேன். மனிதர் வெளிறிப்போனார். உங்கள் பெயர் வழக்கத்தை நான் விசாரித்திருக்க வேண்டும், என் தவறு, என் தவறு என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். எண்ணிக்கைப் பிழை என்று பொதுக்கூட்டத்தில் தான் அறிவித்து மன்னிப்புக் கேட்பதாகவும், யாரையும் குறை சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்திருந்தது என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவையும் ஷ்டிம்ட் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இம்முறை ஒரு அப்பாவி வெள்ளைக்காரரின் தலையில் போட்டு.

மார்கோவுக்கும் அவ்வளவைத்தான் சொன்னேன். கோப்பையை எங்கே கொண்டுவர வேண்டும் என்று மட்டும் கேட்டான். அவன் சுவரொட்டியில் இருந்ததைவிட நல்லவன்.

கூட்டம் வருகிற ஞாயிறு. வியாழக்கிழமை வாணியிடம் சொல்வேன். அண்ணா என்று அதற்குப் பிறகும் கூப்பிடுவாளோ தெரியாது. ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் எழும்பி, பிழை நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். உர்ஸுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே சரி என்று சொன்னேன் என்று சொல்வேன். வாய் திரும்பவும் பின்வாங்கும் என்பதால்தான் இதை உனக்கு மட்டும் எழுதாமல் நம்மவர் இதழுக்கும் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை அது தமிழ்க்கடைக்கு வந்துவிடும். மீன் வாங்க வருகிறவர்கள் வாசிக்கட்டும்.

கோப்பையின் அடியில் எந்தப் பெயரை வெட்டுவது என்று உர்ஸ் கேட்டார். இடம் சின்னது, ஒன்றுதான் பிடிக்குமாம். எழுத்தைச் சின்னதாக்கி இரண்டையும் வெட்டச் சொல்லியிருக்கிறேன், முதலில் அப்பா, பிறகு நீ. அன்றைக்கு நான் உனக்கு மறைத்தது சீட்டில் விழுந்த வாக்கு. இன்றைக்கு உனக்குத் தருவதும் வாக்குத்தான். இதையாவது சரியாக எண்ணுவேன்.

எனக்குத் தெரிந்திருந்தது மச்சான்.

வாணியின் அண்ணன்,
நீ நம்பிய உன் மச்சான்,
குகன்