வடக்கு வயலின் மண்குழாய்

ஏப்ரல் 23, 1979. திங்கள்.
மழை அரை அங்குலம். வடக்கு நாற்பது ஏக்கரில் மறுபடியும் தண்ணீர் நிற்கிறது. போன வருடம் அதே இடத்தில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம் அழுகியது. இந்த வருடம் ஐந்து போகும் போல. நிலத்துக்கு அடியில் போட்ட வடிகால் மண்குழாய் எங்கோ உடைந்திருக்கிறது, அல்லது அடைத்திருக்கிறது. பதினாலாம் நம்பர் பசு கன்று போட்டது. கிடாரி.

ஏப்ரல் 26.
இரண்டு குழி தோண்டினேன். குழாய் இல்லை. அதன் வாய் ஓடைக்கரையில் தெரிகிறது. அங்கிருந்து இருபது அடி நேராகப் போகிறது. அதற்கப்புறம் எங்கே திரும்புகிறது என்று யாருக்குத் தெரியும்? வரைபடம் கிடையாது. அப்பா எதையும் தாளில் எழுதுகிற ஆள் இல்லை.

ஏப்ரல் 28.
தானியக் கிடங்கில் காபி. வழக்கமான ஆட்கள். வெர்லின் ஆரம்பித்துவிட்டான். "ஏம்ப்பா டெல்மர், உன் கையால போட்ட கொழாய்தானே? போட்ட எடம் மறந்து போச்சுன்னா எப்பிடி? என் நாயை வேணா அனுப்பறேன், மோப்பம் பிடிச்சுக் காட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

மே 2.
மழை. எழுத ஒன்றுமில்லை.

மே 6. ஞாயிறு.
தேவாலயம் முடிந்து வந்து, ஊர் நூற்றாண்டுப் புத்தகத்துக்கு எங்கள் குடும்பத்தின் பக்கத்தை எழுதி முடித்தேன். தாத்தா கடல் தாண்டி வந்து அயோவாவில் இந்தச் சதுப்பை வாங்கியது, பசுக்கொட்டகை எரிந்தது, எல்லாம் சரியாக வந்தது. கடைசிப் பத்தி: "1941இல் அப்பாவும் நானும் சேர்ந்து வடக்கு வயலுக்கு மண்குழாய் பதித்தோம். அதன் பிறகே அது விளைநிலமாயிற்று."

இங்கே யாரும் படிக்கப்போவதில்லை. எழுதி வைக்கிறேன். குழாய் பதித்தது 1943இல். அப்போது நான் இத்தாலியில் சேற்றில் கிடந்தேன். பதித்தது அப்பாவும் அக்கா கேஷேயும். முப்பது வருடம் முன்பு கிடங்கில் ஒருவர், "நல்லா வடியுதே, யார் போட்டது?" என்று கேட்டார். "அப்பாவும் நானும்" என்று வாயில் வந்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டது. போருக்குப் போன தேதி ஊருக்கே தெரியும் என்பதால்தான் 1941 என்று போட வேண்டியிருந்தது.

மே 15.
குழி பதினொன்று. ஆர்டித் சமையலறை ஜன்னலிலிருந்து கத்தினாள்: "என்னங்க, மொத்தக் குடும்பத்துக்கும் கல்லறை தோண்டறீங்களா? எனக்கு நிழல்ல ஒண்ணு பாத்து வைங்க." என் மனைவிக்கு முப்பத்திரண்டு வருடமாக வாய் ஓய்ந்ததில்லை.
சாப்பிடும்போது கேட்டாள், "உங்களுக்கு ஞாபகமில்லேன்னா உங்க அக்காகிட்ட கேட்டா என்ன? அப்ப அவங்க வீட்லதானே இருந்தாங்க?"
"அவளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். நான் கேட்டது எனக்கே நன்றாக இல்லை.

மே 16.
பக்கத்து வயல்களில் எல்லாம் விதைத்து முடித்துவிட்டார்கள்.

மே 19. சனி.
புத்தகப் பக்கம் தட்டச்சாகி, சரிபார்க்கத் தபாலில் வந்தது. தேவாலயப் பெண்கள் ஆளுக்குப் பத்துப் பக்கமாகப் பிரித்து அடித்திருக்கிறார்கள். என் பக்கத்தின் அடியில் அடித்தவரின் பெயர்: கேஷே.

அப்பாவும் நானும். 1941. ஒரு வார்த்தை மாற்றாமல் அடித்திருக்கிறாள்.

பால் கறக்க ஒரு மணி நேரம் தாமதம்.

நான் போரிலிருந்து திரும்பியது 1945 அக்டோபரில். மறுநாள் காலையே அப்பா டிராக்டரை என்னிடம் கொடுத்துவிட்டு அவளிடம், "நீ உள்ள போய் அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்றார். மூன்றரை வருடம் அந்த டிராக்டரில் உட்கார்ந்திருந்தவள் அவள். அன்று மூன்றரை மணிக்கு வயலுக்கு ரொட்டியும், துணி சுற்றிய ஜாடியில் தேநீரும் கொண்டுவந்தவள் அவள்தான். வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. அடுத்த வருடம் டவுனில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். 1951இல் அப்பா சாவுக்கு வந்ததோடு சரி, இந்த நிலத்தில் கால் வைக்கவில்லை. நிலம் எனக்கு எழுதப்பட்டது. அவளுக்குச் சுவர்க் கடிகாரம்.

மே 22.
போனேன். கொல்லையில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது, குனிந்தால் நிமிர நேரமாகிறது.
"என்னடா, இவ்வளவு தூரம்?"
"நாலு மைல்தானேக்கா."
"இருபத்தெட்டு வருஷமா நாலு மைல்தான்."
உள்ளே கூப்பிட்டுத் தேநீர் ஊற்றினாள். தனக்கு இரண்டு கற்கண்டு போட்டுக்கொண்டாள், தாத்தா கொண்டுவந்த வழக்கப்படி கரண்டியால் கலக்காமல், தானாகக் கரையவிட்டு. சுவரில் அப்பாவின் கடிகாரம். சரியாக ஓடுகிறது.
"புத்தகத்துக்கு எழுதினதை நீதான் அடிச்சியா?"
"ஆமா. எழுத்துப்பிழை ரெண்டு இருந்துச்சு. திருத்திட்டேன்."
அவ்வளவுதான் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.
சொல்லிவிட்டேன். குழாய் எங்கே என்று எனக்குத் தெரியாது, பதினொரு குழி தோண்டிவிட்டேன், உன்னைக் கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு மாதமாக ஐந்து ஏக்கரை ஊறவிட்டேன். எல்லாவற்றையும்.
"பதினொண்ணா?" என்றாள். அதற்கு மட்டும் சிரித்தாள்.

மே 23.
காலை ஏழு மணிக்கு வந்தாள். புருஷனுடைய பழைய ரப்பர் பூட்ஸ், உள்ளே இரண்டு காலுறை. ஆர்டித்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராக வடக்கு வயலுக்கு நடந்தாள். நான் பின்னால் மண்வெட்டியோடு.
வடகிழக்கு மூலைக் கம்பத்தில் முதுகை வைத்து நின்றாள். "அப்பாவுக்கு முட்டி வலி. என் காலடிதான் அளவு. நூத்திப் பதினாலு." வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்றுப் பதினாலில் நின்றாள். யோசித்தாள். "இப்போ என் காலடி குட்டையாப் போச்சு" என்று இன்னும் ஒன்பது அடி எடுத்து வைத்தாள். "இங்க தோண்டு."
மூன்றரை அடியில் மண்வெட்டி 'டங்' என்றது. அப்பப்பா. அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.
"எதுக்கு இப்படி வளைஞ்சு வருது?"
"நடுவுல பாறை. யானை சைஸ். சுத்தி வந்தோம். அதுக்கே நாலு நாள் ஆச்சு."
என் பதினொரு குழியும் பாறைக்கு அந்தப் பக்கம்.

மே 24.
குழாய்க்குள் வில்லோ மர வேர், குதிரை வால் கனத்துக்கு. இழுக்க இழுக்க வந்தது. கேஷே மேட்டில் நின்றபடி, "அந்த மரத்தை வெட்டணும்னு அப்பவே அப்பாகிட்ட சொன்னேன்" என்றாள். மதியம் வெட்டினேன்.

மே 25.
இரவெல்லாம் ஓடையில் தண்ணீர் விழும் சத்தம்.

ஜூன் 1.
வயல் காய்கிறது. மக்காச்சோளத்துக்குப் பருவம் தப்பிவிட்டது. சோயா போடலாம்.
புத்தகப் பக்கத்தைத் திருப்பி அனுப்பினேன். கடைசிப் பத்தியைக் கோடு போட்டு அடித்துவிட்டு எழுதியது: "1943இல் என் அப்பாவும் என் அக்கா கேஷேயும் வடக்கு வயலுக்கு மண்குழாய் பதித்தார்கள். 1942 முதல் 1945 வரை இந்தப் பண்ணையை நடத்தியவர் என் அக்காவே. நான் அப்போது ஊரில் இல்லை."

ஜூன் 2.
கிடங்கு. அவர்கள் படிக்கும் முன் நானே சொல்லிவிட்டேன். வெர்லின்தான் ஆரம்பித்தான்: "அதான பாத்தேன். நீ போட்டிருந்தா அது மேட்டுக்குல்ல ஓடியிருக்கும்." இன்னும் ஐந்து வருடத்துக்கு இதையே சொல்வான். சொல்லட்டும்.

ஜூன் 5. செவ்வாய்.
வெயில். லேசான தெற்குக் காற்று. வடக்கு வயலில் சோயா விதைப்பு. கேஷே பார்க்க வந்தாள். முதல் சுற்று முடித்துவிட்டு என்ஜினை அணைக்காமல் டிராக்டரிலிருந்து இறங்கினேன். அவள் ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். "கியர் எங்கடா மாத்தி வச்சிருக்கான் இதுல?" காட்டினேன். முதல் வரிசை கொஞ்சம் கோணல். இரண்டாவதிலிருந்து நேர்.

மூன்றரை மணிக்கு நான் ரொட்டியும் தேநீரும் கொண்டுபோனேன். இரண்டு கற்கண்டு. கம்பத்தின் மேல் வைக்கவில்லை. வண்டி இந்த முனைக்கு வந்து அவள் இறங்கும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
"வர்ற வழியில கற்கண்டு கலந்து போச்சு" என்றாள். முழுக்கக் குடித்தாள்.

இன்னும் எட்டு ஏக்கர் மீதி. நாளை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.