சட்டம் கேட்ட அடுப்பு

வேலைக்கு ஓடுமுன் துஷ்யந்தி, மூன்று நாளாய் முகங்கொடுத்துப் பேசாத மாமனாருக்குக் குசினி மேசையில் விட்டுப்போன சீட்டு:

மாமா,

பத்து மணிக்குக் கட்டட இன்ஸ்பெக்டர் பின்வளவு வீட்டைப் பார்க்க வாறார். அந்தப் பூட்டின்ர திறப்பு கதவடியில தொங்குது.

மாடிப்படி உங்கட முழங்காலுக்கு ஆகாதெண்டுதான் அதைக் கட்டினனாங்கள். வளவுக்குள்ள இரண்டாவது வீடெண்டால் அதுக்குத் தனிக் குசினி இருக்கவேணுமெண்டது இந்த ஆஸ்திரேலியாவில விக்டோரியா மாநிலச் சட்டம். உங்களைத் தனிய சமைக்கச் சொல்லி நான் அடுப்பு வைக்கேல்லை.

பிரிட்ஜில இடியப்பமும் சொதியும் இருக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ, கோபத்தில பட்டினி கிடவாதேங்கோ.

துஷ்யந்தி

பி.கு. பின்னேரம் எல்லாரும் வந்து அங்க பால் காய்ச்சுவம். இரவுச் சாப்பாடு எப்பவும்போல இங்கதான்.

இன்னொண்டு: சட்டம் கேட்ட அடுப்பு, சிங்க் எல்லாம் அங்க வைச்சாச்சு. உங்கட சாப்பாட்டுக் கோப்பை இங்கதான் இருக்கும்.